ஞாயிறு பிட்சரை இறக்கலாமா, பெஞ்சிலேயே விடலாமா? ஸ்டார்ட்டர் மேட்ச்அப் பஞ்சாயத்து

அரைத்தூக்கம் · ஞாயிறு காலை 11.20

வணக்கம் மக்களே. நேற்றைய கடைசி ஆட்டம் இப்போதுதான் முடிந்தது. காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது, ஒரு பஞ்சாயத்து வேண்டும்.

எங்கள் ஃபேன்டசி பேஸ்பால் லீக் (நிஜ வீரர்களை எடுத்துக் கற்பனை அணி கட்டி, அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கும் எண்களை வைத்து மோதுவது) பத்து அணி, வாராவாரம் நேருக்கு நேர், அதிக கேட்டகரி எடுத்தவருக்கு வாரம். பேட்டிங்கில் ஐந்து கேட்டகரி. பிட்சிங்கில் வழக்கமான ஐந்து: வெற்றி, ஸ்ட்ரைக்அவுட், இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கணக்கில் விழும் ரன்), விப் (ஓர் இன்னிங்ஸுக்குக் கொடுத்த ஹிட்டும், வாக் என்கிற இலவச பேஸும்), சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது). நியூ ஜெர்சியில் வேலை பார்த்த காலத்தில் சேர்ந்த லீக், சென்னைக்குத் திரும்பி வந்தும் விட மனசில்லை. வார நாட்களில் அங்கே மாலை 7.05 ஆட்டம் என்றால் எனக்கு விடியற்காலை 4.35, பெயர்க்காரணம் புரிந்திருக்கும்.

இன்றைய நிலவரம்: வெற்றி 3-3. ஸ்ட்ரைக்அவுட் நான் 41, எதிராளி 46. இ.ஆர்.ஏ. நான் 3.38, அதாவது 40 இன்னிங்ஸில் 15 ரன். அவர் 50 இன்னிங்ஸில் 20 ரன், 3.60. விப் எனக்கு 1.15, அவருக்கு 1.18. சேவ் புதன்கிழமையே கைவிட்டுப் போனது. இன்று அவருக்கு ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சர்) யாரும் கிடையாது, ரிலீவர்கள் (பின்னால் வருகிறவர்கள்) மட்டும்தான். என்னிடம் வெய்வரிலிருந்து (லீக்கில் யார் அணியிலும் இல்லாதவர்கள் பட்டியல்) எடுத்த ஓர் இடதுகை ஸ்டார்ட்டர் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், என் லீக் ஆட்கள் இரண்டு பேர் இங்கே உலவுகிறார்கள் என்று சந்தேகம். கடைசி மூன்று ஆட்டத்தில் இ.ஆர்.ஏ. 2-க்கும் கீழே. ஆனால் ஆட்டம் ஹோம்ரன் சுலபமாகப் பறக்கிற பார்க்கில், எதிரணியில் வலதுகை பேட்டர்கள் அதிகம். இ.ஆர்.ஏ.வும் விப்பும் கையில் இருக்கும்போது வம்பை விலைக்கு வாங்கலாமா, பேசாமல் பெஞ்சில் உட்கார வைக்கலாமா?

நியூஜெர்சிநண்டு · 11.31

இறக்குங்க தல. மூணு ஆட்டமா ஆள் சூடா இருக்கார், சூடா இருக்கும்போதே தோசையை எடுத்துடணும். யாரென்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அந்த அணியின் நாலாம் நம்பர் பேட்டர் இவரிடம் 11 அட்பேட்டில் (பேட் பிடித்த முறை) ஒரே ஒரு ஹிட். வேறு என்ன வேண்டும்?

இங்கே நடுராத்திரி இரண்டு மணி, மனைவி எழுந்தால் என் நிலவரம் உங்கள் சேவ் கேட்டகரி மாதிரி ஆகிவிடும்.

கர்வ்பால்கந்தன் · 11.52

நண்டு, அந்த 11-க்கு 1-ஐ தயவுசெய்து குப்பையில் போடுங்கள். 11 அட்பேட் என்பது நாலைந்து வருடத்தில் நாலு ஆட்டம். அதில் பாதி இவர் வேறு அணியில் வேறு பந்து வீசிக்கொண்டிருந்த காலமாக இருக்கும். நன்றாக அடித்த இரண்டு பந்து நேராக ஷார்ட்ஸ்டாப் கையில் போயிருந்தாலும் அது 11-க்கு 1-தான்.

கடைசி மூன்று ஆட்டக் கணக்கும் கிட்டத்தட்ட அதே ரகம். பந்து பேட்டில் பட்டு மைதானத்துக்குள் விழுந்த பிறகு அது ஹிட்டா அவுட்டா என்பதில் பிட்சருக்கு நாம் நினைக்கிற அளவு பிடி இல்லை என்று பேஸ்பால் கணக்கு ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் 2001-லேயே எழுதினார். அப்போது பாதிப் பேர் அவரைப் பைத்தியம் என்றார்கள், பிறகு அதைச் சுற்றித்தான் ஒரு தலைமுறைக் கணக்கே எழுந்தது. அப்படி வந்த ஃபிப் என்ற எண் என்ன? ஹோம்ரனுக்கு 13, வாக்குக்கும் பேட்டர் மேல் பட்ட பந்துக்கும் 3, ஸ்ட்ரைக்அவுட்டுக்கு கழித்தல் 2, இதை இன்னிங்ஸால் வகுத்து ஒரு நிலை எண்ணைக் கூட்டுகிறார்கள், அவ்வளவுதான். பிட்சரின் கைக்குள் இருக்கிற மூன்று விஷயம்.

அதனால் முதலில் சொல்லுங்கள், உங்கள் ஆள் நூறு பேட்டரைச் சந்தித்தால் எத்தனை பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்கிறார், எத்தனை பேரை வாக்கில் அனுப்புகிறார்? இந்த மூன்று ஆட்டத்தில் பேஸில் நின்றவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பாமல் மாட்டிக்கொண்டார்கள்? லீக் முழுக்கச் சராசரி 72 சதவீதம் போல இருக்கும், இவருக்கு 90-ஐத் தாண்டியிருந்தால் அந்த இ.ஆர்.ஏ. கடன் வாங்கிய நகை.

அரைத்தூக்கம் · 12.05

இந்த சீசன் ஸ்ட்ரைக்அவுட் 24 சதவீதம், வாக் 9. மூன்று ஆட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் 91 சதவீதம். நகை விஷயம் உறைத்தது.

கர்வ்பால்கந்தன் · 12.11

24-இல் 9 போனால் 15. லீக் சராசரி 14-ஐ ஒட்டி இருக்கும். ஆக நல்ல பிட்சர்தான், மாணிக்கம் இல்லை. மூன்று ஆட்டத்துக்கு முன்பும் இதே பிட்சர்தான் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். பத்து அணி லீக்கில் வெய்வரில் இவ்வளவு கிடைப்பதே பெரிது.

பழைய_ஸ்கோர்கார்டு · 12.40

தம்பிகளா, 2021 வரைக்கும் இந்த வேலை எவ்வளவு சுலபம் தெரியுமா. நேஷனல் லீக் பார்க்கில் எதிரணி பிட்சரும் பேட் பிடித்து நிற்பார். ஒன்பதாவது ஆள் என்றால் இலவச ஸ்ட்ரைக்அவுட், எட்டாவது ஆளை வாக்கில் அனுப்பிவிட்டு ஒன்பதாவதை முடிக்கலாம். வெய்வரில் சுமாரான ஆள் இருந்தாலும் நேஷனல் லீக் பார்க்கா, எடு, என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்போம். 2022-இல் இரண்டு லீக்குக்கும் டி.எச். (பிட்சருக்குப் பதிலாக அடிக்க மட்டும் ஓர் ஆள்) வந்தது, அந்தக் கடை மூடிவிட்டது.

வெற்றியை நம்பி யாரையும் இறக்காதீர்கள், இது என் பழைய புலம்பல். 2018-இல் நியூயார்க் மெட்ஸின் டிக்ராம் 1.70 இ.ஆர்.ஏ. வைத்துக்கொண்டு 10 வெற்றி 9 தோல்வி. அவரை என் அணியில் வைத்திருந்தேன், ஒவ்வொரு ஐந்தாம் நாளும் ஏழு எட்டு இன்னிங்ஸ் போட்டுவிட்டு அவர் டக்அவுட்டில் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நானும் இங்கே சோபாவில் அப்படியே. 2025-இல் பிட்ஸ்பர்க்கின் ஸ்கீன்ஸ், 1.97, சை யங் விருது (லீக்கின் சிறந்த பிட்சருக்கு), கணக்கு 10-10. பிட்ஸ்பர்க் ரன் அடிக்கவில்லை, அவர் என்ன செய்வார்? உலகத்தின் சிறந்த பிட்சருக்கே டாஸ் போடுகிற மாதிரி என்றால் உங்கள் வெய்வர் ஆளுக்கு என்ன நிச்சயம்.

டென்வர்வாசி · 12.58

பார்க் எது? அதைச் சொல்லாமல் பேசினால் எப்படி. நான் இருக்கிற ஊர் பார்க் என்றால் ஒரே பதில்தான், ஓடிவிடுங்கள். கூர்ஸ் ஃபீல்டில் மேல்தளத்தில் ஒரே ஒரு வரிசை நாற்காலி மட்டும் ஊதா நிறத்தில் இருக்கும், அங்கே உட்கார்ந்தால் கடல் மட்டத்திலிருந்து சரியாக 5,280 அடி, ஒரு மைல். ஹோம்ரன் மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்கிறார்கள், அது பாதிதான். காற்று லேசாக இருப்பதால் கர்வ் பந்து வளையாது, ஸ்லைடர் சறுக்காது, பேட்டருக்கு நெஞ்சு உயரத்தில் தொங்கி நிற்கும். பந்து பறக்கும் என்று தெரிந்தே அவுட்ஃபீல்டை அகலமாகக் கட்டினார்கள், அதனால் சும்மா தட்டிய பந்துகூட இடையில் விழுந்து இரட்டை, மும்மடி. 2002-இல் பந்தை ஈரப்பத அறையில் வைக்க ஆரம்பித்தபின் கொஞ்சம் அடங்கியது, ஆனால் அதற்குப் பிறகும் இதுதான் பேட்டர்களின் சொர்க்கம். 2022 முதல் எல்லா 30 பார்க்கிலும் அந்த அறை வந்துவிட்டது, அது வேறு கதை.

இதன் மறுபக்கம்தான் எனக்குச் சோறு போடுகிறது. எங்கள் ஊர் ராக்கீஸ் அணி வெளியூர் போகும்போது எதிரணி பிட்சர் யாராக இருந்தாலும் ஒருமுறை பார்ப்பேன். மலைமேல் வளையாத பந்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கீழே இறங்கினதும் நிஜ ஸ்லைடர் வந்தால் தடுமாற்றம்தான். இவர்களின் உள்ளூர் வெளியூர் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு வேறு அணி போல இருக்கும். மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர் இங்கேதான் ஏமாறுவார்.

சியாட்டில்காரி · பிற்பகல் 1.15

எங்கள் டி-மொபைல் பார்க்குக்கு ஒரு வார்த்தை: இங்கே இரவில் குளிர்ந்த கடல்காற்று, பந்து செத்துப்போய் கையில் விழும். சுமாரான பிட்சரும் இங்கே கனவான். அதனால் சியாட்டில் பிட்சர் வெளியூரில் வீசினால் அவர் எண்களை அப்படியே நம்பாதீர்கள்.

இன்னொன்று, பார்க் எண்கள் பழையதாக இருக்கும், கவனம். ஓக்லாந்து ஏ'ஸ் அணி 2025-இல் சாக்ரமெண்டோவில் ஒரு மைனர் லீக் பார்க்குக்குக் குடிபோனார்கள். ஓக்லாந்தின் பெரிய ஃபவுல் இடமும் குளிர்காற்றும் பிட்சரைக் காப்பாற்றும் என்ற பழைய நினைப்பிலேயே முதல் மாதம் அங்கே ஆள் இறக்கி நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதே அணி, அதே சட்டை, பார்க் வேறு.

அரைத்தூக்கம், உங்கள் பார்க் சின்சினாட்டிதானே?

அரைத்தூக்கம் · 1.22

பதில் இல்லை.

சியாட்டில்காரி · 1.23

சின்சினாட்டிதான்.

நியூஜெர்சிநண்டு · 1.30

தூங்கவில்லை. 11-க்கு 1 என்று சொன்னதற்கு இவ்வளவு திட்டா. சரி, அப்போ எதிரணி இடதுகைக்கு எதிராக எப்படி அடிக்கிறது என்று பார்க்கலாமா, அதாவது அனுமதி உண்டா?

கர்வ்பால்கந்தன் · 1.48

அனுமதி உண்டு, ஆனால் அணியின் எண் வேண்டாம், இன்றைக்கு இறங்கப்போகிற ஒன்பது பேரின் எண் வேண்டும். டபிள்யூ.ஆர்.சி. பிளஸ் (பேட்டிங் வலிமையைக் காட்டும் எண்) 100 என்றால் சராசரி, அது தெரிந்ததுதான். ஆனால் ஒரு அணி வருடத்தில் இடதுகை ஸ்டார்ட்டரைச் சந்திப்பது நாலில் ஒரு பங்கு ஆட்டம் போலத்தான், அதிலும் மே மாதம் என்றால் கையளவு ஆட்டம். அந்தக் கையளவில் இரண்டு பேர் காயத்தில் இருந்திருப்பார்கள், ஒருவர் மைனருக்குப் போயிருப்பார். ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கம் வாக்கில் டிரேட் (வீரர்களைக் கைமாற்றுவது) முடிந்தபின் பாதி அணிகளின் பழைய எண் செல்லாக்காசு. 2024 ஒயிட் சாக்ஸ் மாதிரி 121 தோல்வி, ஆட்டத்துக்குச் சராசரி மூன்று ரன் சொச்சம் என்று ஒரு அணி கிடைத்தால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம், எதிரே எவர் வந்தாலும் இறக்கு. அந்த மாதிரி வருடம் எப்போதும் வராது.

ஒவ்வொரு பேட்டராகப் பாருங்கள்: வலதுகையா, இரண்டு கையுமா, ஸ்ட்ரைக்அவுட் ஆகிறவரா. உங்கள் ஆளிடம் சேஞ்ச்அப் (வேகம் குறைந்த ஏமாற்றுப் பந்து) நன்றாக இருந்தால் வலதுகைக்காரர்கள் அதிகம் என்பது பாதி பயம்தான். ஸ்லைடரை மட்டும் நம்பி வாழ்கிற இடதுகை என்றால் முழுப் பயம்.

அரைத்தூக்கம் · 1.55

சேஞ்ச்அப் இருக்கிறது. இந்த சீசன் அதிகம் ஸ்விங் அண்ட் மிஸ் வாங்குவதே அதில்தான். ஆனால் எதிரணியில் போன வாரம்தான் காயத்திலிருந்து இரண்டு வலதுகை பேட்டர்கள் திரும்பி வந்தார்கள். இடதுகைக்கு எதிராக அந்த அணி 92 என்று பக்கத்தில் போட்டிருக்கிறது, அந்த 92-இல் இந்த இருவரும் பெரும்பாலும் இல்லை.

கர்வ்பால்கந்தன் · 2.01

பார்த்தீர்களா. அதை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பந்தயச் சந்தை என்ன சொல்கிறது என்று ஒருமுறை எட்டிப்பாருங்கள். பணம் கட்டச் சொல்லவில்லை, அவர்கள் பார்க், காற்று, ரிலீவர்கள் களைப்பு எல்லாவற்றையும் ஏற்கெனவே எண்ணிவிட்டார்கள், நமக்கு இலவசம். எதிரணி எத்தனை ரன் அடிக்கும் என்ற எதிர்பார்ப்பு 4-க்குக் கீழே என்றால் நான் யோசிக்காமல் இறக்குவேன், 5-ஐத் தொட்டால் டிக்ராமாக இருந்தாலொழிய இல்லை. நடுவில் இருந்தால்தான் இந்த மாதிரி இழையே தேவைப்படும்.

அரைத்தூக்கம் · 2.04

4.5. நடுவில்.

கர்வ்பால்கந்தன் · 2.30

சரி, அப்போ பேப்பரில் போட்டுப் பார்ப்போம். எல்லோரும் "ஒரு மோசமான ஆட்டம் வந்தால் இ.ஆர்.ஏ. நாசம்" என்று பொதுவாகச் சொல்கிறார்கள், எத்தனை ரன் வரைக்கும் தாங்கும் என்று யாரும் எண்ணுவதில்லை.

உங்களிடம் 40 இன்னிங்ஸ் 15 ரன். 3.60-க்குக் கீழே இருக்க வேண்டுமென்றால், இவர் 6 இன்னிங்ஸ் போட்டு 3 ரன் கொடுத்தால் 46-இல் 18, அதாவது 3.52, தப்பித்தீர்கள். 5 இன்னிங்ஸில் 3 ரன் என்றால் 45-இல் 18, சரியாக 3.60, சமன்! 5-இல் 2 என்றால் ஜம்மென்று இருக்கும். 4 இன்னிங்ஸில் 5 ரன் என்றால் 44-இல் 20, 4.09, போச்சு. விப்புக்கு 5 இன்னிங்ஸில் ஹிட்டும் வாக்கும் சேர்த்து 7 பேர் வரைக்கும் தாங்கும், அது பெரிய கவலையில்லை. இன்றைக்குச் சராசரி ஸ்டார்ட்டர் ஐந்து இன்னிங்ஸ் சொச்சம்தான் போடுகிறார், ஆக உங்கள் கோடு "ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு மூன்று".

ஸ்ட்ரைக்அவுட்: 22 பேரைச் சந்தித்தால் 24 சதவீதத்துக்கு 5 சொச்சம். உங்களுக்கு வேண்டியது சமனுக்கு 5, வெற்றிக்கு 6. கத்தி முனை.

ஆனால் ஒன்று கேட்கவே மறந்துவிட்டோம். பேட்டிங் எப்படிப் போகிறது?

அரைத்தூக்கம் · 2.36

பேட்டிங்கில் 2-3, பின்னால். எல்லாம் இடைவெளி அதிகம், இன்று ஒரு நாளில் மாறாது.

கர்வ்பால்கந்தன் · 2.38

ஐயா!! அப்போ இப்படியே விட்டால் என்ன கணக்கு என்று பார்த்தீர்களா? பேட்டிங் 2-3. சேவ் அவருக்கு, 2-4. இ.ஆர்.ஏ., விப் உங்களுக்கு, 4-4. வெற்றி சமன். ஸ்ட்ரைக்அவுட் அவருக்கு. 4-5. நீங்கள் பெஞ்சில் வைத்துப் பத்திரமாகப் பாதுகாக்கிறது தோல்வியை!

பழைய_ஸ்கோர்கார்டு · 2.44

இதைத்தான் முதல் பதிவிலேயே கேட்டிருக்க வேண்டும், நானும் சேர்ந்து மூன்று மணி நேரம் பார்க், டி.எச். என்று கதையளந்திருக்கிறேன். ஸ்ட்ரைக்அவுட்டை மட்டும் திருப்பினால் 5-4, வாரம் உங்களுடையது. ஐந்து எடுத்துச் சமன் செய்தாலே 4-4. இந்த நிலையில் இறக்காமல் விட்டால் உங்களை லீக்கிலிருந்து நீக்க நானே மனு கொடுப்பேன்.

இதே ஆள், இதே பார்க், இதே 4.5 ரன், ஆனால் நீங்கள் 6-3 முன்னால் இருந்தால் நான் தொடவே மாட்டேன்.

அரைத்தூக்கம் · 2.50

முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி இருக்கிறது. எண்களை எல்லாம் தட்டச்சு செய்தேன், கூட்டிப் பார்க்கவில்லை.

சரி, இன்னொரு வழியும் இருக்கிறது. வெய்வரில் ஒரு வலதுகை நீள ரிலீவர், இன்று அவர் அணி ஓப்பனர் (முதல் இன்னிங்ஸை மட்டும் வீசுகிற ரிலீவர்) போட்டு ஆடுகிறது. இவர் இரண்டாவது இன்னிங்ஸிலிருந்து நாலு இன்னிங்ஸ் வீசுவார் என்கிறார்கள். பார்க் நல்ல பார்க். அவரையும் சேர்க்கலாமா?

டென்வர்வாசி · 3.02

2018 மே மாதம் டாம்பா பே செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸுக்கு அனுப்பினபோது நாங்கள் சிரித்தோம், இப்போது பாருங்கள். இதில் ஒரு லாபம் உண்டு: ஸ்டார்ட்டருக்கு வெற்றி கிடைக்க ஐந்து இன்னிங்ஸ் முடிக்க வேண்டும், பின்னால் வருகிறவருக்கு அந்த விதி இல்லை, மூன்று நாலு இன்னிங்ஸிலேயே வெற்றி விழலாம். ஓப்பனர் முதல் மூன்று பேரை முடித்துவிடுவதால் அபாயமான பேட்டர்களை அவர் ஒரு முறை குறைவாகச் சந்திப்பார். நஷ்டம் என்னவென்றால், "நாலு இன்னிங்ஸ் வீசுவார் என்கிறார்கள்" என்பதில் அந்த "என்கிறார்கள்". ஓப்பனர் மூன்று ரன் கொடுத்துவிட்டால் மேனேஜர் திட்டத்தையே மாற்றுவார், உங்கள் ஆள் புல்பென்னிலேயே விதை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். உங்கள் தளத்தில் அவரை ரிலீவர் இடத்தில் போட முடிந்தால் மட்டும் செய்யுங்கள்.

பழைய_ஸ்கோர்கார்டு · 3.15

பேட்டர்கள் மூன்றாவது சுற்று வந்தால் பிட்சரை அடித்துவிடுவார்கள் என்ற பயம் எல்லா மேனேஜர்களையும் பிடித்துக்கொண்டது. அதே டாம்பா பே, 2020 உலகத் தொடர் ஆறாவது ஆட்டம், ஸ்டார்ட்டர் ஸ்னெல் 73 பந்து, இரண்டு ஹிட், ஒன்பது ஸ்ட்ரைக்அவுட். எதிரணி டாட்ஜர்ஸின் பெட்ஸ் மூன்றாவது முறை வருகிறார், மேனேஜர் கெவின் கேஷ் படியேறி வந்து பந்தை வாங்கிக்கொண்டார். ஆட்டம் போயிற்று, தொடரும் போயிற்று. அன்றைக்கு நான் தொலைக்காட்சியிடம் பேசியது இங்கே எழுத முடியாது. தம்பி, உங்கள் ஆளின் மேனேஜர் எந்த ரகம்? 18 பேட்டருடன் நிறுத்துகிறவர் என்றால் 22 பேர் கணக்கு பொய், நாலு ஸ்ட்ரைக்அவுட்தான் கிடைக்கும்.

அரைத்தூக்கம் · 3.20

கடைசி ஐந்து ஆட்டத்தில் 90 பந்துக்குக் குறையாமல் விட்டிருக்கிறார். நீள ரிலீவரை ரிலீவர் இடத்தில் போட முடியவில்லை, ஸ்டார்ட்டர் தகுதி மட்டும்தான் காட்டுகிறது. விட்டேன். இடதுகை மட்டும்.

சியாட்டில்காரி · 6.40

ஞாயிறு என்பதை யாரும் சொல்லவில்லையே. சனி இரவு ஆட்டம், ஞாயிறு பகல் ஆட்டம், அடுத்து பஸ்ஸோ விமானமோ. முக்கிய பேட்டர்களில் ஒருவருக்கு ஓய்வு, கேட்சர் கிட்டத்தட்ட நிச்சயம் மாற்று ஆள். லைன்அப் வரும் வரை காத்திருந்து பாருங்கள், மாற்றங்கள் உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கும். உங்கள் பக்க கேட்சரும் மாறலாம், அதையும் பாருங்கள். கோட்டில் விழுகிற பந்தை ஸ்ட்ரைக்காக வாங்கித் தருகிற கேட்சர் இருந்தால் ஒரு ஸ்ட்ரைக்அவுட் கூட. 2026-இல் ஏ.பி.எஸ். சேலஞ்ச் (பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்ற அம்பயர் தீர்ப்பை இயந்திரத்திடம் மேல்முறையீடு செய்வது) வந்தபின் அந்த வித்தைக்கு மவுசு கொஞ்சம் குறைவு, ஆனால் அணிக்குத் தொடக்கத்தில் இரண்டு சேலஞ்ச்தான் கையில், எல்லாப் பந்துக்கும் கேட்க முடியாது.

அப்புறம் மழை ராடார். கூரை இல்லாத பார்க்.

அரைத்தூக்கம் · 7.48

லைன்அப் வந்துவிட்டது. திரும்பி வந்த வலதுகை இருவரில் ஒருவருக்கு ஓய்வு! மாற்று கேட்சர் ஆடுகிறார், அடிக்கடி ஸ்ட்ரைக்அவுட் ஆகிறவர். நாலாம் நம்பர் ஆடுகிறார், நண்டு, உங்கள் 11-க்கு 1.

காற்று குறுக்கே, லேசாக. மழை 30 சதவீதம், அதுவும் பிற்பகல் கடைசியில் என்று போட்டிருக்கிறது. முப்பதுதானே. இறக்கிவிட்டேன்.

சியாட்டில்காரி · 7.55

சதவீதத்தைப் பார்க்காதீர்கள், ராடாரில் மேற்கே என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

நியூஜெர்சிநண்டு · இரவு 10.20

எழுந்துவிட்டேன். இங்கே ஞாயிறு காலை 12.50, மதியம் என்றும் சொல்வார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை காற்று விளையாடுகிற ஆட்டம் வரும், 1979 மே மாதம் சிகாகோவின் ரிக்லி பார்க்கில் காற்று வெளிப்பக்கம் வீசி பிலடெல்பியா 23, சிகாகோ 22 என்று முடிந்த மாதிரி. இன்றைக்கு அது இல்லை என்பதே நிம்மதி. 11.10-க்குச் சந்திப்போம்.

அரைத்தூக்கம் · 11.34

முதல் இன்னிங்ஸ்: மூன்று பேர், இரண்டு ஸ்ட்ரைக்அவுட், இரண்டும் சேஞ்ச்அப். என் வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், நான் தலையணையைக் குத்திக்கொண்டிருக்கிறேன்.

அரைத்தூக்கம் · 11.52

இரண்டாவது இன்னிங்ஸ், நாலாம் நம்பர், முதல் பந்தே ஹோம்ரன். நண்டு, எங்கே இருக்கிறீர்கள்?

நியூஜெர்சிநண்டு · 11.53

12-க்கு 2. இன்னும் நல்ல எண்தான்.

அரைத்தூக்கம் · திங்கள் அதிகாலை 12.14

மூன்று இன்னிங்ஸ், ஒரு ரன், இரண்டு ஹிட், ஒரு வாக், நாலு ஸ்ட்ரைக்அவுட். 45-46. இன்னும் ஒன்று எடுத்தால் சமன், இரண்டு எடுத்தால் வாரம். பந்து 44தான் ஆகியிருக்கிறது. கந்தன் கணக்குப்படி எல்லாம் கோட்டுக்குள்.

அரைத்தூக்கம் · 12.19

தார்ப்பாய் இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

சியாட்டில்காரி · 12.21

சொன்னேனே.

கர்வ்பால்கந்தன் · 12.40

அரை மணிக்குள் ஆரம்பித்தால் திரும்பி வருவார். ஒரு மணி நேரம் தாண்டினால் எந்த மேனேஜரும் ஆறிப்போன கையை மறுபடி அனுப்ப மாட்டார்.

அரைத்தூக்கம் · 2.05

ஒரு மணி நாற்பது நிமிடம். நாலாவது இன்னிங்ஸுக்கு வேறு ஒருவர் வந்து நிற்கிறார். எதிராளியின் ரிலீவர் யாரும் இறங்கவில்லை, 46 அப்படியே இருக்கிறது. 45-46. இ.ஆர்.ஏ. 3.35, விப் 1.14, இரண்டும் பளபளவென்று இருக்கிறது, வைத்துக்கொண்டு என்ன செய்ய. 4-5.

பழைய_ஸ்கோர்கார்டு · 2.20

இறக்கியது சரியான முடிவு. டிக்ராம் சோபாவில் உங்களுக்கு ஒரு இடம் போட்டு வைக்கிறேன்.

நியூஜெர்சிநண்டு · 2.26

அந்த நாலாம் நம்பர் அடிக்காமல் இருந்திருந்தால் இன்னிங்ஸ் சீக்கிரம் முடிந்து, மழைக்குள் நாலாவதும் போட்டிருப்பார் என்று ஒரு கோட்பாடு வைத்திருக்கிறேன். கந்தனிடம் சொல்ல பயம்.

அரைத்தூக்கம் · காலை 9.40

தூங்கி எழுந்து, அடுத்த வாரம். ஒருவருக்கு செவ்வாயும் ஞாயிறும் இரண்டு ஸ்டார்ட், ஸ்ட்ரைக்அவுட் 27 சதவீதம், வெய்வரில் யாரும் தொடவில்லை. முதல் ஆட்டம் மட்டும் டென்வரில்.

டென்வர்வாசி · 9.44

யாரும் தொடாததற்குக் காரணம் இருக்கிறது. ஞாயிறு மட்டும் இறக்குங்கள், செவ்வாய்க்கிழமை நான் ஊதா வரிசையில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.